மூன்றாவது ஓலை

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தால் எனக்குப் பல நாள் கோபம்தான் வரும். மூலக்குளத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் படிக்கட்டு துடைக்கும் வேலை. சாயங்காலம் வில்லியனூரில் பஸ் மாறி, வீங்கின முழங்காலோடு ஊருக்கு வந்து சேருவாள். கணவர் எப்போதோ தவறிப்போய்விட்டார். அந்த அலுப்போடு தெருவில் யார் சண்டை போட்டாலும் நடுவில் போய் நிற்பாள். "போனாப் போவுது வுடு" என்பாள். சொல்லும்போது முகத்தில் பெரிய அருள் ஒளி எல்லாம் வீசாது. வெறும் அசதிதான் இருக்கும்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லவும் என்று. தடை என்றால் ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா, நெருங்கின ரத்த உறவா, அந்த மாதிரி விஷயங்கள். அக்காவின் மகள் மதலேனுக்கு ஓலை வாசித்தபோது, அக்காவின் கொழுந்தன் மனைவி லில்லி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். மதலேனுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்தது. அதை மறைத்தால் பாவமாம். சாமியாரிடம்கூடப் போகாமல் நேரே மாப்பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள். இரண்டாவது ஓலையோடு எல்லாம் நின்றது. இதெல்லாம் ஒரு தடையா என்று சாமியார் தலையில் அடித்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் காதில் ஏறவில்லை. மதலேன் திருப்பூருக்குத் தையல் வேலைக்குப் போனவள், இன்னும் தனியாகத்தான் இருக்கிறாள். கிறிஸ்மசுக்குக்கூட ஊர்ப் பக்கம் வருவதில்லை.

அந்த வருடத் தவக்காலத்திலேயே அக்கா லில்லி வீட்டுக்குப் போய், "உம்மேல எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வந்தாள். லில்லி நம்பவில்லை. அன்றிலிருந்து கோயிலில் தூணுக்கு அந்தப் பக்கம்தான் உட்காருவாள்.

இப்போது லில்லி மகள் ரோசலினுக்கு மடுகரையில் மாப்பிள்ளை. மூன்றாவது ஓலைக்கு முந்தின சாயங்காலம் நான் அக்கா வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். லில்லி ஒரு தூக்கு நிறைய மீன் குழம்போடு வந்தாள். என்னைப் பார்த்ததும் தயங்கினாள். ஆனால் பயம் அவளைப் பேச வைத்துவிட்டது.

"அக்கா, நாளைக்கு மூணாவது ஓலை."

"தெரியுமே."

"ரோசலின் அன்னிக்குக் கரும்புக் கொல்லையாண்ட வலிப்பு வந்து வுழுந்தப்போ நீதான தூக்கினு வந்த. நீ யார்கிட்டயும் சொல்லலியே?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. ரோசலினுக்கும் அதே வலிப்பு. அது தெரிந்தும் அக்கா இத்தனை நாள் என்னிடம்கூட மூச்சு விடவில்லை.

"சொல்லல. சொல்லவும் மாட்டேன்," என்றாள் அக்கா.

"மாதா படத்தத் தொட்டுச் சொல்லுக்கா."

"இன்னாத்துக்கு?" அக்கா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "எனக்கு அசதியா இருக்குது லில்லி. உன்ன மன்னிச்சு எத்தினி வருசமாச்சு. நீ நம்பறதுக்கு நா இன்னும் இன்னா செய்யணும்? மாப்ளகிட்ட ரோசலினயே சொல்லச் சொல்லு. அது அவங்க ரெண்டு பேர் பாடு. நா வாயத் தெறக்க மாட்டேன். போ."

அவள் போனதும், "எனக்கு நாக்கு அரிக்குதுக்கா" என்றேன்.

"சொல்லித் தொலச்சா மதலேனுக்குக் கல்யாணம் ஆயிடுமா?" என்று சொல்லிக் குழம்பை எனக்கும் ஊற்றினாள். அந்தக் கோபத்திலும் ருசியாகத்தான் இருந்தது.

ஞாயிறு பூசையில் ஓலை வாசித்ததும் பாதிக் கோயில் திரும்பி அக்காவைப் பார்த்தது. அக்கா தலை குனிந்தே இருந்தாள். பிறகு சமாதானம் பகிரும் நேரம் வந்தது. வலது பக்கம் ஒரு கும்பிடு, இடது பக்கம் ஒரு கும்பிடு, அவ்வளவுதான் வழக்கம். அக்கா தரையில் கை ஊன்றி எழுந்தாள். நொண்டிக்கொண்டே தூணைச் சுற்றிப் போய், லில்லி முன்னால் நின்று கைகூப்பினாள்.

"சமாதானம் லில்லி."

லில்லிக்குக் கை எழும்பவே நேரமானது. எழும்பியபோது அழுதுவிட்டாள். இந்த முறை நம்பினாள் என்று நினைக்கிறேன்.

மதியம் அக்கா வீட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது மதலேன் போன் செய்தாள். அக்காவின் கையில் மாவு என்பதால் நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ரோசலின் ஓலை முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது. சித்திக்குச் சமாதானம் சொல்லிட்டு வந்தேன்."

"நீ சொல்லுவ. நின்னு போனது யார் கல்யாணம்? எம்பேர்ல நீ எப்பிடிம்மா மன்னிச்ச? என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. தெருவுக்கே மன்னிப்புக் கொடுத்தவள், அதைக் கேட்கத் தெரியாமல் மாவுக் கையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கண் நிறைந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"கேக்கலடி," என்றாள் கடைசியில். "உன்னக் கேக்காமலே வுட்டுட்டேன். தப்புதான். என்ன மன்னிச்சுடு."

அந்தப் பக்கம் விடுதியில் யாரோ துணி துவைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டாளோ என்று அக்கா போனை எட்டிப் பார்த்தாள்.

"முட்டி வலி எப்பிடி இருக்குது?" என்றாள் மதலேன்.

"அப்பிடியேதான் இருக்குது."

"கிறிஸ்மசுக்கு வரும்போது தைலம் வாங்கியாரேன்."