சாப்பாட்டு மேசையில் வரைந்த பியானோ

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைக்குக் கொடுத்துவிடுகிற சாமான் துண்டுதான். மறதியும் கூடிவிட்டது. முன்னுக்கு நடந்ததைப் பின்னுக்கு வைத்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் வெள்ளவத்தை வீட்டில் மகனின் மகள் மியூசிக் தியரி சோதனைக்குப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். மினிம் என்ற குறிக்கு எத்தனை அடி என்று அவள் தடுமாற, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான் இரண்டு என்று சொல்லிவிட்டேன். அவள் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் அப்பம்மா?"

சொன்னேன். அதை எழுதி மாதா கோவில் மலருக்குக் கொடுக்கச் சொன்னதும் அவள்தான்.

நாங்கள் அப்போது கொட்டாஞ்சேனையில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் இருந்து இறங்குகிற பெட்டிகளை எண்ணி, எது உடைந்தது, எது குறைந்தது என்று குறித்துக்கொடுப்பது அவருடைய வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓயாது. பொரித்த மீன் இருக்கும் தட்டை எட்டிப் பார்த்து, "ஒண்டு குறையுதே" என்பார். குறைந்தது பெரும்பாலும் என் வயிற்றில் இருக்கும்.

அக்கா என்னைவிட நன்றாக மூத்தவள். கோவில் பாடகர் குழுவில் இருந்தாள். சனிக்கிழமைகளில் கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருவர் அந்தக் குழுப் பெண்களுக்குக் கரும்பலகையில் தியரி சொல்லிக்கொடுப்பார். அக்கா வீட்டுக்கு வந்து அதை வாய்விட்டுப் பாடமாக்குவாள். நான் பக்கத்தில் இருந்து பல்லாங்குழி விளையாடுவேன். அப்படித்தான் எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஐந்து கோடும் சேர்ந்தால் ஸ்டேவ். வெறும் முட்டை மாதிரி இருப்பது செமிபிரீவ், நாலு அடி. முட்டைக்குக் கால் முளைத்தால் மினிம், இரண்டு அடி. உள்ளே கறுத்துவிட்டால் குரோச்செட், ஓர் அடி. காலில் வாலும் தொங்கினால் குவேவர், அரை அடி. சத்தம் போடாமல் இருப்பதற்கும் குறி உண்டு, அது ரெஸ்ட். கோட்டுக்குக் கீழே வௌவால் மாதிரித் தொங்கினால் நாலு அடி சும்மா இருக்க வேண்டும், கோட்டின் மேல் தொப்பி மாதிரிக் குந்தினால் இரண்டு அடி. சும்மா இருப்பதற்கும் கணக்கு வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒரு நாள் சிஸ்டர் சொல்லியிருந்தார், மடத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு எடுக்க ஓர் ஆள் தேவை, தியரி கேட்பேன், பிறகு பியானோவில் ஒரு ஸ்கேல், அதாவது ஒரு சுரவரிசை, வாசித்துக் காட்ட வேண்டும் என்று. வேறு இரண்டு பெண்களும் கேட்டிருந்தார்கள்.

அக்காவுக்கு இது விளையாட்டல்ல. ஹெந்தளையில் இருந்த மாமி, அப்பாவின் மூத்த சகோதரி, தன் மகனுக்கு அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மச்சான் கெட்டவர் இல்லை. ஆனால் சாப்பிடுவதற்குத் தவிர அவர் வாய் திறந்ததை எங்கள் வீட்டில் யாரும் கண்டதில்லை. அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

"வேலை கிடைச்சா வேலைக்குப் போகட்டும். இல்லையெண்டா கோவில் பெருநாள் முடிய ஹெந்தளைக்கு."

அன்றிலிருந்து அக்கா சாப்பிடும்போதும் தியரிப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள்.

எங்களிடம் பியானோ இல்லை. கோவில் மண்டபத்தில் ஒன்று இருந்தது. அதன் மூடி எப்போதும் பூட்டியிருக்கும், திறப்பு சிஸ்டரின் இடுப்பில் தொங்கும். டிசம்பரில் நத்தார்க் கச்சேரிக்கு மட்டும் திறப்பார்கள். அப்பா அதைப் பின்வரிசை வாங்கில் இருந்து பார்த்திருக்கிறார். அது போதும் என்று நினைத்தார். ஒரு பின்னேரம் மண்டபத்துக்குப் போய், பூட்டிக் கிடந்த மூடியின் நீளத்தை டேப் பிடித்து அளந்தார். வெள்ளைக் கட்டை எத்தனை என்று பாதரிடம் கேட்டார். வகுத்துப் பார்த்து ஒரு கட்டையின் அகலத்தைக் கண்டுபிடித்தார். பிறகு பெட்டிகளுக்குப் பெயர் எழுதுகிற கறுப்புப் பெயின்டைக் கொண்டுவந்து, எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு பியானோவை வரைந்தார். மேசை முடிந்த இடத்தில் பியானோவும் முடிந்தது.

அம்மா அகப்பையோடு வந்து நின்றார்.

"சோறு தின்னுற மேசையில பெட்டிக்கு அடிக்கிற பெயின்ட். ஆரும் வந்து கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

"பியானோ எண்டு சொல்லு" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் பியானோ. அக்கா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஸ்கேலாக உதட்டுக்குள் பாடிப் பாடி விரலை வைப்பாள். பலகை டொக் டொக் என்னும். ரெஸ்ட் வருகிற இடத்தில் கையைத் தூக்கி, அடி எண்ணி, திரும்ப வைப்பாள். பார்க்கிறவர்களுக்கு வாசிப்பதும் நிறுத்துவதும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்பா வேலையால் வந்து, சேர்ட்டைக் கழற்றாமலே பக்கத்தில் நின்று பார்ப்பார். "சத்தம் நல்லாயிருக்கு" என்பார். அக்கா சிரிப்பாள்.

பிழையைக் கண்டது நான்தான். அக்காவின் புத்தகத்தில் கட்டைகளின் சின்னப் படம் ஒன்று இருந்தது. அதில் கறுப்புக் கட்டைகள் இரண்டு, பிறகு ஓர் இடைவெளி, பிறகு மூன்று, பிறகு இடைவெளி என்று நின்றன. எங்கள் மேசையிலோ ஒவ்வொரு இரண்டு வெள்ளைக்கும் நடுவில் ஒரு கறுப்பு இருந்தது. கறுப்பும் வெள்ளையும் மாறி மாறித்தான் வரும் என்று அப்பா முடிவுகட்டியிருந்தார். ஆனால் மீ என்ற சுரத்துக்கும் ஃபாவுக்கும் இடையில் அரைத் தூரம்தான், தீ என்பதற்கும் மேல் டோவுக்கும் இடையிலும் அப்படித்தான், அங்கே கறுப்புக்கு இடமே இல்லை என்று அக்கா நாள் முழுக்கப் பாடமாக்கியது என் காதில் இருந்தது.

"அக்கா, மேசை பிழை. இங்க கறுப்பு வரக்கூடாது."

அக்கா என் வாயைப் பொத்தினாள்.

"தெரியும். அப்பாட்டச் சொன்னியெண்டா நாக்கை இழுத்து அறுப்பன்."

தெரிந்தால் ஏன் சொல்லவில்லை என்று கேட்க, வாய் அவளுடைய கைக்குள் இருந்தது.

சோதனை அன்று அப்பா அரைநாள் லீவு எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு அக்காவைக் கூட்டிப்போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். மண்டபத்தில் மற்ற இரண்டு பெண்களும் தாய்மாரோடு இருந்தார்கள். சிஸ்டர் தியரி கேட்டார். ஷார்ப் என்றால் என்ன, ஃப்ளாட் என்றால் என்ன, எந்தச் சுரங்களுக்கு நடுவே அரைத் தூரம் என்று. அக்கா ஒன்றிலும் தடுமாறவில்லை. சிஸ்டரின் முகம் மலர்ந்தது. பிறகு இடுப்பில் இருந்து திறப்பை எடுத்து மூடியைத் திறந்தார்.

பின்வரிசை வாங்கில் இருந்தே பார்த்துப் பழகிய அப்பா அப்போதுதான் அந்தப் பியானோவின் கட்டைகளைக் கிட்டப் பார்த்தார். ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் வரை அவருடைய கண் போய் வந்தது. கப்பலடியிலும் அவர் அப்படித்தான் பார்ப்பாராக்கும். தொண்டையைச் செருமினார்.

"குறை நினைக்காதீங்க சிஸ்டர். உங்கட பியானோவில கறுப்புக் கட்டை குறையுது."

"குறையுதா?"

"இங்க ஒண்டு இல்லை. இங்கயும் இல்லை. பாருங்க, வரிசையாக் காணாமப் போயிருக்கு. கப்பல்ல வரேக்க விழுந்திருக்கும். அந்த நேரமே ஷோர்ட் எண்டு எழுதிக் கொடுத்திருந்தா கிளெய்ம் காசு கிடைச்சிருக்கும்."

மற்றப் பெண்கள் இரண்டு பேரும் கைலேஞ்சியால் வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு தாய் தன் மகளைக் கிள்ளினார், ஆனால் அவருடைய தோளும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது. அப்பா அதைக் கவனிக்கவில்லை. உதவி செய்தவரின் முகத்தோடு நின்றார்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. அக்காவைப் பார்த்தார்.

"பிள்ளை, அப்பா சொல்லுறது சரியா?"

சற்று முன்தான் அக்கா அதற்குச் சரியான விடை சொல்லியிருந்தாள். திரும்பச் சொன்னால் முடிந்தது. எனக்கே விடை நாக்கு நுனியில் நின்றது. அக்கா பியானோவைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கோட்டைப் பார்த்தாள்.

"ஓம் சிஸ்டர்" என்றாள். "பழைய பியானோ தானே. குறையுது."

நான் வாயைத் திறந்தேன். அக்காவின் குதிக்கால் என் கால்விரல் மேல் ஏறி நின்றது.

சிஸ்டர் கதிரையைப் பியானோவுக்கு முன்னால் இழுத்துப் போட்டார். "சரி, இருக்கிறதில வாசி" என்றார்.

அக்கா உட்கார்ந்து முதல் கட்டையைத் தொட்டதும் அது சத்தம் போட்டது. அவள் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு திரும்ப வைத்தாள். மெதுவாக மேலே ஏறினாள், மெதுவாகக் கீழே இறங்கினாள். எங்கும் தடுக்கவில்லை.

"திருத்துற ஆள் வந்தா பார்க்கச் சொல்லுறன் ஐயா" என்று சிஸ்டர் அப்பாவிடம் சொல்லி மூடியைப் பூட்டினார்.

வரும் வழியில் அப்பா முன்னே நடக்க, நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நீ பிழையாச் சொன்னனி."

"நட" என்றாள்.

பயத்தில் படித்தது மறந்துபோயிற்று என்று நான் முடிவு செய்தேன். சிஸ்டரைப் பற்றியும் எனக்கு மதிப்புக் குறைந்தது. திருத்துகிற ஆளைக் கூப்பிடப் போகிறாரே, மடத்தில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியவில்லையே என்று. அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் விடை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று சில நாள் நிமிர்ந்து நடந்தேன்.

அப்பா அந்தக் கிழமை முழுக்க, கண்டவர்களிடமெல்லாம் கோவில் பியானோவின் குறையைச் சொன்னார். அதோடு வேலையும் அக்காவுக்கே என்று மடத்தில் இருந்து ஆள் வந்தது. "எல்லாம் அந்த மேசை செய்த வேலை" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை ஹெந்தளை மாமியைச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள், விஷயத்தை நல்ல விதமாகச் சொல்லி முடிக்க. காலையில் அப்பா தானே மண்ணெண்ணெய்த் துணியால் மேசையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டு போனவர் ஓரிடத்தில் நின்றார். நான் எட்டிப் பார்த்தேன். விரல் பட்டுப் பட்டுக் கறுப்புப் பெயின்ட் எல்லாம் மங்கிச் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. நடுநடுவே விரலே படாத சில கட்டைகள் மட்டும் நேற்று அடித்தது போல மின்னின. அப்பா மின்னிய ஒன்றின் மேல் விரலை வைத்தார். அடுத்த மின்னலுக்கு விரலைக் கொண்டுபோனார். பிறகு இன்னொன்று.

யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பின்பக்கம் போய் ஓர் உடைந்த கண்ணாடித் துண்டை எடுத்துவந்து, குனிந்து, அந்தக் கட்டைகளை மட்டும் சுரண்டத் தொடங்கினார்.

நான் குசினிக்கு ஓடினேன்.

"அக்கா! அப்பா பிழையானதை மட்டும் அழிக்கிறார்!"

தேங்காய் துருவிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"நீ சொன்னியா?"

"நான் சொல்லேல்ல. சத்தியமா."

அவள் எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை. தேங்காய்ப் பாதியை மடியில் வைத்துக்கொண்டு, சுரண்டுகிற சத்தம் முடியும் வரைக்கும் அப்படியே இருந்தாள்.

மதியம் மாமி வந்தார். மாமியின் தட்டுக்கு இரண்டு பக்கமும் கட்டைகள் இப்போது புத்தகத்துப் படம் போல, இரண்டும் மூன்றுமாக நின்றன. அக்காவுக்கு வேலை கிடைத்திருந்தது. மாமியும் பெரிதாகக் கோபிக்கவில்லை. மேசையில் ஒரு பிழையும் மிச்சமில்லை. எல்லாம் சரியாகிவிட்ட பிறகு ஏன் அப்பாவும் அக்காவும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிடுகிறார்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

குறிகளின் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். வௌவாலும் தொப்பியும் இடம் மாறியிருக்கவும் கூடும். கேட்டுத் தெரிந்துகொள்ள அக்கா இப்போது இல்லை. இசை படித்தவர்கள் யாராவது அச்சுக்குப் போகும் முன் ஒருக்கா பார்த்து, பிழை இருந்தால் திருத்திவிடுங்கள். என்னிடம் சொல்லியே திருத்துங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.