டிக்கெட் போட்ட நாற்றம்

தூத்துக்குடியில் முத்துக்குளித்த காலத்தைக் காட்டும் காட்சிக்கூடம் ஒன்றின் முற்றத்தில், முத்தெடுக்க வெயிலில் அழுக வைத்த சிப்பிகளைக் காட்டி, "இதுதாங்க எங்க ஊரோட பெருமை, நல்லா மோந்து பாருங்க" என்றான் வழிகாட்டி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரைச் சூளையில் கிளிஞ்சல் இதே மாதிரி சதையோடு அழுகிக் கிடக்க, அம்மா அதை வாரிப் போட்டுச் சுட்டு, வெந்ததில் தண்ணீர் தெளித்து, அது சீறிப் பொடிந்து சுண்ணாம்பாகும்வரை புகைக்குள்ளேயே நிற்பாள். மாதா கோயில் திருவிழாவுக்குச் சுவரெல்லாம் அந்த வெள்ளைதான். பூசைக்குப் போனாலோ, "நாறுது, அந்தாண்ட போயி குந்துங்க" என்று மற்றவர்கள் எங்களை விரட்டிவிட்டு, அம்மா சுட்ட சுண்ணாம்பு முதுகில் அப்பிக்கொள்ள, அந்தச் சுவரிலேயே சாய்ந்து உட்காருவார்கள். சூளை இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். இங்கே அதே நாற்றத்துக்கு என்னிடமே டிக்கெட் காசு வாங்கிவிட்டார்கள்.