நான் ஒப்புக்கொண்டதாக

ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்லும் இங்கிலீஷ் இலக்கணத்தை ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு நடத்தும்போது, நான் நெய்யைத்தான் உதாரணமாக எடுத்துக்கொள்வேன். ராசிபுரத்தில் நெய்யை வைத்துச் சொன்னால் எதுவும் புரிந்துவிடும். 'நெய் சுத்தமானது என்று கடைக்காரர் சொன்னார்.' இங்கே 'சொன்னார்' என்பதற்கு இங்கிலீஷில் 'செட்' போட்டால் அவர் சொன்னார், நீ எழுதினாய், அவ்வளவுதான். அதை எடுத்துவிட்டு 'க்ளெய்ம்டு' போட்டுப் பாருங்கள், உடனே டால்டா வாசம் வரும். அவர் அப்படிச் சொல்லிக்கொள்கிறார், எனக்கென்னவோ நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். 'அட்மிட்டட்' போட்டால் ஆள் மாட்டிக்கொண்டார். சொல்ல மனமில்லாததை ஒப்புக்கொண்டார், அதனால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

"கடைக்காரர் வாயில வந்தது ஒண்ணுதான், புள்ளைங்களா. அவரை நல்லவரா கெட்டவரா ஆக்குறது நீங்க போடற வெர்பு" என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். என் சாமர்த்தியத்தில் எனக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு.

எழுபதுகளின் பிற்பகுதி அது. பள்ளிக்கூடம் விட்டுவிட்டால் எனக்குப் பேச ஆளில்லை. தறிச் சத்தம் கேட்கும் ஒரு தெருவில் ஒற்றை அறை எடுத்திருந்தேன். குழாயில் தண்ணீர் வந்தால் மட்டும் வீட்டுக்காரம்மா கதவைத் தட்டிச் சொல்வார். மற்றபடி, டீச்சர் புருஷனை விட்டுவிட்டு வந்தவள் என்று தெரு பேசிக்கொண்டது. என் வழக்கே அதில்தான். நான் விட்டுவிட்டு வரவில்லை.

நடந்தது இதுதான். கல்யாணமான பிறகு மோகனூர்ப் பக்கம், கரும்புக் காட்டுக்கு நடுவில் இருந்த கணவர் வீட்டிலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். நாமக்கல்லில் பஸ் மாற வேண்டும். வேலையை விடச் சொல்லி மாமியார் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு பரீட்சைக் காலத்தில் பஸ்ஸைத் தவறவிட்டு, விளக்கு வைத்த பிறகு போய்ச் சேர்ந்தேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து என் கணவர், "உங்க ஊட்டுக்கே போயிக்க" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தேன். யாரும் வரவில்லை. திரும்பி பஸ்ஸுக்கு நடந்தேன்.

சில வருஷம் கழித்து, நான் அவரை விட்டுப் போய்விட்டதாகச் சொல்லி விவாகரத்துக்கு வழக்குப் போட்டார். சேர்ந்து வாழ எனக்கும் ஆசையில்லை. விவாகரத்து கிடைத்தால் நிம்மதிதான். ஆனால் நான் விட்டுப் போனேன் என்ற காரணத்தால் அது கிடைக்கக் கூடாது. என் வக்கீலுக்கே இது புரியவில்லை. "ரெண்டும் ஒண்ணுதானுங்க டீச்சர். எப்படியும் தனியாத்தானுங்க இருக்கப் போறீங்க" என்றார். எனக்கு ரெண்டும் ஒன்றில்லை. கதவைச் சாத்தியது யார் என்பதை யாராவது ஒருவர் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

கூண்டில் ஏறினேன். கணவர் தரப்பு வக்கீல் எங்கள் வட்டாரத்து ஆள். பேச்சில் அவ்வளவு மரியாதை.

"ஏனுங்க டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க."

"ஆமாங்க."

"அன்னைக்குப் பொழுதெறங்கித்தான் ஊட்டுக்கு வந்தீங்க."

"ஆமாங்க."

"அப்பறம் திரும்பிப் போயி பஸ் ஏறிட்டீங்க. யாரும் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி ஏத்தி உடலீங்க. நீங்களாத்தான் போனீங்க."

"ஆமாங்க, ஆனா கதவு..."

"போதுமுங்க."

எங்கள் ஊரில் ஆமாங்க என்றால் சம்மதம் என்று அர்த்தமில்லை. நீங்கள் பேசுங்கள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்குப் போடுவது அது. வெறுமனே 'உம்' கொட்டினால் திமிர் பிடித்தவள் என்பார்கள், அதனால் ஆமாங்க. மழை வராது போலிருக்கு என்றாலும் ஆமாங்க, வந்துவிடும் போலிருக்கு என்றாலும் ஆமாங்க. நீதிபதி தெற்கத்திக்காரர், அவருக்கு இது எப்படித் தெரியும்? டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, "ஐ அட்மிட் தட் ஐ லெஃப்ட் ஆன் மை ஓன்" என்று சொல்லச் சொல்ல மிஷின் தட்டியது. நானாகவே போனதை ஒப்புக்கொள்கிறேன் என்று நானே சொல்வதுபோல.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஐயா, அங்க அட்மிட்டுன்னு போடக் கூடாதுங்க. நான் ஒப்புக்கலீங்க. ஆமாங்கன்னுதான் சொன்னனுங்க" என்றேன்.

கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் சிரித்தார். கெட்டவர் இல்லை. "ஆமான்னு சொல்றதுக்குப் பேர்தாம்மா ஒப்புக்கறது. இது உங்க கிளாஸ் இல்ல" என்றார். பழக்க தோஷம், அதற்கும் ஆமாங்க என்றேன்.

தீர்ப்பு கணவர் பக்கமே ஆனது. நகல் வாங்கி வந்து, அறையில் உட்கார்ந்து, பரீட்சைத்தாள் திருத்துகிற கண்ணோடு படித்தேன். கணவர் பேசிய இடத்திலெல்லாம் 'ஸ்டேட்டட்'. தெரிவித்தார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிற சொல். மாமியார் அதை 'கன்ஃபர்ம்டு', உறுதி செய்தார். நான் வாயைத் திறந்த இடத்திலெல்லாம் 'அலெஜ்டு', இல்லாவிட்டால் 'க்ளெய்ம்டு'. கதவு தாழிட்டிருந்ததாகக் குற்றம் சாட்டினேன், தட்டியதாகச் சொல்லிக்கொண்டேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் என்னை நம்பியிருந்தார்கள். நானாகவே கிளம்பிப் போனதாக ஒப்புக்கொண்டேனாம். பொய்க்காரி என்று எங்கேயும் எழுதவில்லை, அதற்கு அவசியமே இருக்கவில்லை. இலக்கணத்தில் ஒரு பிழை கிடையாது. என் மாணவி எழுதியிருந்தால் நானே முழு மார்க் போட்டிருப்பேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

அந்தச் சனிக்கிழமை மல்லசமுத்திரத்துக்கு அம்மாவிடம் போனேன். அப்பா போன பிறகு அம்மா அங்கே தனியாக இருந்தாள். கதவடைத்த கதையை முதலில் கேட்டவள் அவள்தான். அன்றைக்கு அவள் மடியில்தான் போய் விழுந்தேன். சம்பந்தி வீட்டாரை அவள் திட்டாத திட்டில்லை. தீர்ப்பைச் சொன்னதும், "போவுது உடு சாமி, மொதல்ல சோறு தின்னு" என்று தட்டை எடுத்து வைத்தாள். அந்த வீட்டில் மட்டும் நான் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்று நினைத்தபடி சாப்பிட்டேன்.

சாப்பிட்டுவிட்டுச் சமையலறையில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தேன். வெளியே குழாயடியில் அம்மாவும் பக்கத்து வீட்டம்மாவும் நின்றார்கள். நான் உள்ளே இருப்பது அந்தம்மாவுக்குத் தெரியாது போலிருக்கிறது.

"ஏனக்கா, அவங்கதான் கதவச் சாத்திப் புள்ளையத் தொரத்தி உட்டாங்களாமா. நெசமாங்க?"

அம்மா குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"அப்படீன்னுதானுங்க அவ சொல்றா" என்றாள்.

வெறும் 'சொல்றா'. அகராதியைப் பார்த்து இங்கிலீஷில் போட்டால் ஒரு குற்றமும் இல்லாத சொல். ஆனால் அம்மா அதை இழுத்த இழுப்பு எனக்குத் தெரியும். ஊரில் யாராவது தங்கள் பெருமையைத் தாங்களே சொல்லிக்கொண்டால், அவர்கள் போன பிறகு அவள் அப்படித்தான் இழுப்பாள். கதவடைத்த அன்றைக்கு அவள் அந்த ஜன்னல் பக்கத்தில் இருக்கவில்லை. என்னை மடியில் போட்டு அழுதபோதும், இத்தனை வருஷம் சோறு போட்டபோதும், அந்தச் சந்தேகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கோர்ட்டில் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. நீதிபதி யாரோ எவரோ. இவள் என்னைப் பெற்றவள்.

அம்மா குடத்தோடு உள்ளே வருவதற்குள் முகத்தைக் கழுவிக்கொண்டேன். பையை எடுத்ததைப் பார்த்து, "நாளைக்கு ஞாயித்துக்கெழமதான சாமி, இருந்துட்டுப் போலாமல்ல" என்றாள். திருத்த வேண்டிய பேப்பர் இருக்கிறது என்றேன். பேப்பர் ஒன்றும் இல்லை. அம்மா வாசல்வரை வந்து, கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை நானாகத்தான் போனேன்.