பாதுகாப்புச் செயலாளரின் இடுப்பு

ஃபூன் தீவின் கரையில் குளிர்காலத்தில் கடலுக்குள் இடுப்பளவு இறங்கி நின்று தூண்டில் போடுகிறவர்களுக்குக் கடலைவிடத் தோர்கிலிடம்தான் பயம். அறுபத்தெட்டு வயது. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ஊர்த் தூண்டில் சங்கத்தின் பாதுகாப்புச் செயலாளர். நவம்பர் பிறந்தால் உரையாற்றாமல் விடமாட்டார். மார்பு வரை ஏறும் ரப்பர் கால்சட்டைக்கு மேல் பெல்ட்டை இறுக்கிக் கட்ட வேண்டும். விழுந்தாலும் தண்ணீர் கால்வரை இறங்காது. கம்பளிக் காலுறை இரண்டுக்கு மேல் கூடாது. பூட்ஸ் இறுகினால் ரத்தம் ஓடாமல் கால் மரத்துப்போகும். சூட்டுக்கென்று சாராயம் தொடக் கூடாது. எல்லாம் சொல்லிவிட்டு, டிக்கெட் எடுக்காதவனைத் தேடுவதுபோலக் கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பார்.

அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அவர் வயிற்றில்தான். ஓய்வுக்குப் பிறகு வெண்ணெயும் பன்றி வறுவலும் சேர்ந்து அதை ஊதிவிட்டிருந்தன. மூன்று வருடமாகப் பெல்ட் எட்டவில்லை. நீளமாக ஒன்று வாங்கலாம்தான். ஆனால் தூண்டில் கடைக்காரர் எய்னார் சங்கத்தின் பொருளாளரும்கூட. அவர் காதில் விழுந்தது மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். ஆகவே நம் செயலாளர் பெல்ட்டின் முன்பக்கத்தை மட்டும் வெட்டி, ஜாக்கெட்டின் உட்புறம் இரண்டு பக்கமும் தைத்துக்கொண்டார். ஜாக்கெட்டின் திறப்பில் கொக்கி மின்னும். முதுகில் ஒன்றும் இருக்காது. உயிரைவிட மானம் பெரிது என்று அவர் முடிவு செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம். விழமாட்டோம் என்றுதான் நினைத்தார்.

ஜனவரியில் சங்கப் போட்டி நாள் வந்தது. காலையில் கரையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திக் கொக்கிகளைப் பார்வையிட்டார். ஓய்வுபெற்ற தபால்காரி பிர்தேயிடம் மட்டும் கொக்கி இல்லை. நேற்று உடைந்துவிட்டது என்று அவள் உள்ளதைச் சொன்னாள். முழங்கால் அளவில் நிற்கிறேனே என்றும் கேட்டுப் பார்த்தாள்.

"விதின்னா விதி, பிர்தே. பெல்ட் இல்லாம தண்ணியில கால் வைக்கக் கூடாது."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் காப்பிக் குடுவையோடு ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று தோர்கில் காலுறையும் மூன்று போட்டிருந்தார். குளிர் அப்படி. அரை மணி நேரத்தில் கால்விரல்கள் இருக்கின்றனவா என்பதே தெரியவில்லை. பாசி படிந்த பாறை எங்கே முடிகிறது என்று பாதம் சொல்லவில்லை, சரிந்தார். மார்பு வழியாக உள்ளே புகுந்த தண்ணீர் பாதம்வரை போய் நிறைந்தது. எழ முயன்றார், காலைத் தூக்கவே முடியவில்லை. மூச்சு நின்று நின்று வந்தது. செத்துப்போவோம் என்று அப்போதுதான் பயந்தார்.

மற்றவர்கள் ஆளுக்கொரு திசையில், தூரத்தில், இடுப்புத் தண்ணீரில் இருந்தார்கள். ஓடிவர முடிந்தது பிர்தேயால் மட்டும்தான். முழங்கால்வரை இறங்கி, மீன் அள்ளும் வலையின் நீளக் கைப்பிடியை நீட்டி, அவரைக் கரைக்கு இழுத்துப் போட்டாள். ஈர உடையைக் கழற்ற ஜாக்கெட்டைத் திறந்தாள். மூச்சிரைக்க வந்து சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் அந்தத் தையலைப் பார்த்தார்கள்.

பல் அடித்துக்கொள்ளத் தோர்கில் சொன்னார்: "எட்டல... மூணு வருஷமா எட்டல."

யாரும் சிரிக்கவில்லை. எய்னார், கடை நிறையப் பெல்ட் தொங்கவிட்டிருக்கும் அதே எய்னார், தன் ஜாக்கெட்டைத் திறந்தார். கொக்கிக்கு இரண்டு பக்கமும் ஊக்கு குத்தியிருந்தது. அடுத்தவர் திறந்தார். அதற்கடுத்தவரும். ஐந்து வயிறு, ஐந்து கொக்கி, முழுப் பெல்ட் ஒன்றுகூட இல்லை.

பிர்தே தன் கம்பளிச் சால்வையைத் தோர்கிலின் தோளில் சுற்றினாள்.

"நானும் காலையில ஒரு கொக்கியைக் குத்திக்கிட்டு வந்திருக்கணும்," என்றாள். "அப்போ இந்தக் கரையில உன்னை இழுக்க யாரு இருந்திருப்பா?"