அத்தானின் ரசனை

என் அக்காவின் கணவருக்குக் கடைத்தெருவில் 'கூலிங் கிளாஸ்' என்று பெயர். மழை பெய்தாலும் இருட்டிக்கொண்டு வந்தாலும் அதைக் கழற்ற மாட்டார். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். மனதுக்குள் வேறொரு பெயர் வைத்திருந்தேன், அதை அச்சில் போட முடியாது.

கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் கடை அவருடையது. ஒரு கார் உள்ளே நின்றால் அடுத்தது வாசலில் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் இடம். கதவின் உள் அட்டையைக் கழற்றி, வயர் இழுத்து, ஸ்பீக்கரைப் பொருத்தி, அட்டையைத் திரும்ப மாட்டும்போது ஒரு கிளிப்கூட உடைந்திருக்காது. வேலை முடிந்ததும், அது யாருடைய காராக இருந்தாலும், ஒரே பாட்டைப் போட்டுத்தான் சோதித்துப் பார்ப்பார். பழைய சினிமாப் பாட்டு. எடுத்ததும் டிரம், அப்புறம் ஒரு கூட்டம் வயலின், நடுவில் எல்லாம் சட்டென்று நின்று மறுபடியும் டிரம். அந்த இடத்தில் கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் வருவான். "இந்தப் பாட்டு ஒழுங்கா கேட்டா எந்தப் பாட்டும் ஒழுங்கா கேக்கும்" என்பார். வந்தவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அவருக்கு எல்லாவற்றிலும் ஒரு கருத்து உண்டு. சட்டை என்றால் மாதுளை நிறம், இல்லாவிட்டால் அதைவிடக் கொஞ்சம் கருத்த மாதுளை நிறம். காலர் நீளமாக, நுனி வளையாமல் இருக்க வேண்டும். வெள்ளை ஷூ. முன்நெற்றியில் முடியை ஒரு அலையாக ஏற்றிவிட்டு, அது அசையாமலிருக்கக் களிம்பு. உச்சக்குரலில் பாடும் ஆண்களை அவருக்குப் பிடிக்காது. "தொண்டையில என்ன மாட்டிக்கிச்சு அவனுக்கு" என்பார். தமக்குப் பிடித்த நடிகர் ஆடுவதை நிறுத்திய வருஷத்தோடு சினிமா முடிந்துபோய்விட்டது என்பது அவருடைய முடிவு. அதற்குப் பிறகு வந்தது எல்லாமே இரைச்சல். டிவியில் பாட்டுப் போட்டி ஓடினால் நடுவர் வாய் திறப்பதற்கு முன் இவர் மார்க் போட்டுவிடுவார். என் சட்டையைப் பார்த்து, "மருந்துக் கடையில இந்தக் கலர்லதான்டா கவர் தர்றான்" என்று ஒரு தடவை சொன்னார். அச்சகத்தில் வேலை செய்கிறவன் நான். மை படும் என்பதால் பழைய சட்டையாகத்தான் போடுவேன். அதைச் சொல்லலாமென்று வாயெடுப்பதற்குள் அவர் என் செருப்புக்குப் போய்விட்டார்.

அக்கா பக்கத்தில் நின்று சிரிப்பாள். காலருக்கு எவ்வளவு சூடு வைத்துத் தேய்க்க வேண்டும், வெள்ளை ஷூவை எதில் துடைக்க வேண்டும், காரில் எந்தப் பாட்டு வந்தால் சத்தத்தைக் கூட்ட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளுடைய உடுப்பையும் அவரே எடுத்துக் கொடுப்பார். அந்த வீட்டில் ஜன்னல் திரைகூட மாதுளை நிறம்தான். வெயில் அடிக்கும்போது முன்னறையில் உட்கார்ந்தால் எல்லார் முகமும் சிவந்து தெரியும். இதை யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. ரசனை உள்ள மனுஷன் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் காலை அக்கா சமையலறையில் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கீழே விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள், ஆனால் அவள் கண் திறக்கவில்லை. மூச்சு தானாக வந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. நாள்கள் போய்க்கொண்டே இருந்தன.

அத்தான் அழவில்லை. மாத்திரைச் சீட்டை வாங்கினார், கையெழுத்துப் போட்டார், கேன்டீனில் வாங்கியதைச் சாப்பிட்டார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஏதோ சாப்பிட்டேன்" என்றார். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். அவள் அழுதபோது தோளில் தட்டிக்கொடுத்தார். தட்டிய கை தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருந்தது. முடி நெற்றியில் படிந்து கிடந்தது. கூலிங் கிளாஸ் சட்டைப் பையில் இருந்தது. அது இல்லாமல் அவர் கண்களை நான் அத்தனை நேரம் பார்த்ததே இல்லை. சின்னக் கண்கள், யாரையும் பார்க்காமல் திறந்திருந்தன.

அந்த வார்டில் ஒரு மூத்த நர்ஸ் இருந்தார். நிதானமாகப் பேசுகிறவர். ஒரு காலையில் அத்தானிடம் சொன்னார்.

"சும்மா உக்காந்திருக்காதீங்க சார். அவங்களோட பேசுங்க. அவங்களுக்குப் பிடிச்ச பாட்டு ஏதாவது இருந்தா பக்கத்துல வச்சுப் போடுங்க. சில பேருக்கு அது உள்ள போகும்."

"போடறேன்" என்றார் அத்தான். செல்போனை எடுத்துப் பாட்டுப் பட்டியலை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். வெகுநேரம் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"உங்க அக்காவுக்கு எந்தப் பாட்டுடா பிடிக்கும்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருஷம் ஒரே படுக்கையில் படுத்தவர் என்னிடம் வந்து கேட்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். எதைச் சொல்வதென்று தேடினேன். கூடப் பிறந்தவள், என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள். எனக்கும் தெரியவில்லை.

மகளைக் கேட்டோம். "அப்பா பாட்டுதானே அம்மாவுக்கும் பிடிக்கும்" என்றாள். சொன்னதும் அவளுக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. "இல்லையா?" என்று எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். அக்காவின் செல்போனில் ஒரு பாட்டுகூட இல்லை. வீட்டிலிருந்த ரேடியோவை அக்கா தானாகப் போட்டு யாரும் பார்த்ததில்லை.

"எனக்குப் பிடிச்சது என்னன்னு ரோட்ல போறவன்கூடச் சொல்லிடுவான்டா" என்றார் அத்தான். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று சொல்கிற குரலில் சொன்னார்.

வேறு வழியில்லாமல் தம்முடைய பாட்டையே போட்டார். தலையணைக்குப் பக்கத்தில் செல்போனை வைத்து, மோட்டார் சைக்கிள் பாட்டை ஓடவிட்டார். டிரம் அடித்தது. வயலின் வந்தது. அக்காவின் புருவம் சுருங்கியது.

மகள் நர்ஸைக் கூப்பிட ஓடினாள். நர்ஸ் மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் சுருங்கியது. டாக்டர் வந்தார், அவருக்காகவும் ஒரு தடவை போட்டார்கள். "நல்ல அறிகுறி. காலையிலும் சாயங்காலமும் இதையே போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மருந்தோடு மருந்தாக அந்தப் பாட்டும் சேர்ந்துகொண்டது.

அன்றைக்கு அத்தான் வீட்டுக்குப் போய்ச் சவரம் செய்துகொண்டு, மாதுளை நிறச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நெற்றி முடியின் அலை பழையபடி ஏறியிருந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "என் பாட்டுக்குத்தான் அசையறா" என்றார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் அவரை மரியாதையாகப் பார்த்தார்கள்.

அந்தச் சுருக்கம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் நான் சாப்பிடும் தட்டைக் கரண்டியால் கீறிச் சத்தம் எழுப்பும்போதெல்லாம் அக்காவின் புருவம் அப்படித்தான் சுருங்கும். திட்ட மாட்டாள். பொறுத்துக்கொள்வாள். நான் அத்தானிடம் எதுவும் சொல்லவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர்மேல் எனக்கு இரக்கம் வருகிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

பாட்டு காலையும் மாலையும் ஓடியது. சில நாள்களில் அவள் தலை செல்போன் இல்லாத பக்கமாகத் திரும்பியது. "பாருங்க, கழுத்து திரும்புது" என்றாள் மகள். அப்புறம் வலது கை எழுந்து, தடவித் தடவி வந்து, செல்போனைத் தள்ளியது. அது தரையில் விழுந்தது. நர்ஸ் எடுத்துத் துடைத்துத் தலையணைக்குப் பக்கத்திலேயே திரும்ப வைத்தார். எல்லாருக்கும் சந்தோஷம். அத்தான் மட்டும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு யாரிடமும் 'என் பாட்டு' என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் மறுநாள் காலை பாட்டைப் போட்டார். அதை நிறுத்திவிட்டால் அவள் பழையபடி உள்ளே போய்விடுவாளோ என்ற பயம் அவருக்கு.

பிறகு ஒரு மாலை, வயலின் வருகிற இடத்தில், அக்கா கண்ணைத் திறந்தாள். உதடு அசைந்தது. நாங்கள் குனிந்தோம்.

"போதும்" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நிறுத்துங்க" என்றாள்.

நர்ஸ் வாய்விட்டுச் சிரித்தார். மகள் அழுதுகொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அத்தான் செல்போனை எடுத்துப் பாட்டை நிறுத்தினார். நிறுத்திய பிறகும் விரலை அதன்மேலேயே வைத்திருந்தார்.

வராந்தாவில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடச் சொல்லலியேடா."

"நீங்க கேட்டீங்களா அத்தான்?"

"கேக்கல" என்றார். கீழே ஆம்புலன்ஸ் ஒன்றைப் பின்னால் எடுத்து நிறுத்துவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கேட்டது நியாயமான கேள்விதான், ஆனால் கேட்டிருக்க வேண்டாம்.

அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். இடது கால் இழுத்தது, கைத்தடி பிடித்து நடந்தாள். பேச்சு மெதுவாக வந்தது. அத்தான் கடையை அங்கே வேலை பார்த்தவரிடமே விட்டுவிட்டு முழுநேரமும் வீட்டிலிருந்தார். சமைத்தார், துவைத்தார், மாத்திரை கொடுத்தார். பாட்டுப் போடவில்லை. டிவியும் போடவில்லை. ஆனால் மனுஷன் சும்மா இருக்க மாட்டார். பாத்திரத்தை உருட்டுவார், அறைக்கும் அறைக்கும் நடப்பார், அக்காவின் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "என்ன வேணும், சொல்லு" என்பார். அவள் ஒன்றும் வேண்டாம் என்பாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்பார். ஆஸ்பத்திரியில் தெரியாமல் போன அந்த ஒன்றைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோதும் கேட்டார்.

"உனக்குப் பிடிச்சது ஒண்ணே ஒண்ணு சொல்லு. பாட்டா இருக்கணும்னு இல்ல. எதுவா இருந்தாலும் சரி."

அக்கா அவரைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் யோசித்தது எனக்குத் தெரிந்தது. உடம்பு சரியாக இருந்த காலத்தில் என்றால் சொல்லியிருக்க மாட்டாள்.

"காலையில நீங்க கடைக்குப் போவீங்கல்ல" என்றாள். "கதவு சாத்துற சத்தம் கேக்கும். அதுக்கப்புறம் ஒண்ணுமே கேக்காது. அது பிடிக்கும்."

அத்தான் முகம் கோணவில்லை. "சரி" என்றார். கேட்ட பொருள் கடையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட மாதிரி இரண்டு தடவை தலையாட்டினார். எழுந்து போய் அடுப்பை அணைத்தார்.

அதன்பிறகு ஒரு காலையில், அச்சகம் விடுமுறை என்பதால் அக்காவைப் பார்க்கப் போனேன். அவர்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் கீழே அவருடைய கார் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் அத்தான். தேய்த்த சட்டை, ஏற்றிய அலை, கூலிங் கிளாஸ். கார்க் கண்ணாடிகளெல்லாம் ஏறியிருந்தன. காருக்குள் எதுவும் ஓடவில்லை. நான் தட்டியதும் கண்ணாடியை இறக்கினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"எங்கேயும் இல்ல. அவளைத் தனியா விட்டுட்டுத் தூரமா போக முடியாதுல்ல. விழுந்துட்டா?" மடியில் செல்போன் இருந்தது. "தினமும் கடைக்குக் கிளம்பற நேரத்துக்கு இறங்கி வந்துடுவேன். கதவை நல்லா சத்தம் கேக்கற மாதிரி சாத்திட்டு வருவேன். கொஞ்ச நேரம் கழிச்சு மேல போவேன். நான் இங்க இருக்கேன்னு சொல்லிடாதே."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

"மெதுவாப் போ" என்றார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே. "படியில சத்தம் போடாதே."

சாவி என்னிடம் ஒன்று உண்டு. சத்தமில்லாமல் திறந்து உள்ளே போனேன். அக்கா ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். திரையை ஒரு கை அகலத்துக்கு விலக்கியிருந்தாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அவள் முகத்தில் நான் பார்த்திராத ஒரு தளர்வு இருந்தது. நான் பக்கத்தில் போய் வெளியே எட்டிப் பார்த்தேன். நேர் கீழே அந்தக் கார்.

திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்டவன்போல நான் நின்றேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும். கீழே அந்த மனுஷன் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, வெயில் ஏறுது" என்றேன். "மேல வரச் சொல்லவா?"

அவள் கீழே பார்த்தாள். கோபம் இல்லை, இரக்கமும் இல்லை.

"இருக்கட்டும்டா" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம்."