ஒரு பொழுது மாத்திரை

சனிக்கிழமைகளில் திருப்பதியில் யாராவது, பெருமாளுக்கு இன்று ஒரு பொழுது விரதம் என்று சாப்பாட்டைத் தள்ளி வைத்தால், எனக்குப் பழைய சித்தூர் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிடும். கூடவே சிரிப்பும் கொஞ்சம் வெட்கமும்.

மலேரியாவுக்கான இரண்டு கூட்டு மருந்துகளில் எது மேல் என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் அப்போது நான் நர்ஸ். ஒன்றை மூன்று நாளும் காலை, மாலை பாலோடு விழுங்க வேண்டும். மற்றது நாளுக்கு ஒரு தடவை போதும். யாருக்கு எது என்பதைச் சீட்டு தீர்மானிக்கும்.

வெளியூர் ரோடு வேலைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பிய பாலசமுத்திரத்து அக்கா ஒருவருக்கு இரண்டாவது மருந்து விழுந்தது. பக்கத்து பெஞ்சுக்காரருக்குப் பால் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, தனக்கு எப்படி என்று கேட்டார். அவசரத்தில், "உனுக்கு மூணு நாளும் ஒரு பொழுதுதான்க்கா" என்று சொல்லிவிட்டேன். அன்று சனிக்கிழமை வேறு. அவர் பயபக்தியோடு தலையாட்டியபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை மாத்திரை உள்ளே போன ஐந்தாவது நிமிடம் வாந்தி. கண் இருண்டு என் தோளில் சாய்ந்தார். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு என்னை விநோதமாகப் பார்த்தார்.

"நீதானம்மா ஒரு பொழுதுன்னு சொன்ன. நேத்து காலைல துன்னதோட சரி, அப்பறம் தண்ணிதான் குடிச்சிக்கினு கீறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கஞ்சி கொடுத்து, தெளிந்ததும் மறுபடி மாத்திரை கொடுத்தேன். தங்கியது. ஆனால் ஆய்வுத் தாளில் 'வாந்தி' என்ற கட்டத்தில் டிக் அடித்தால் பழி மருந்துக்குப் போகும்; காரணத்தை எழுதினால் என் வேலை போகும். வெகுநேரம் பேனாவை உருட்டினேன். வாயில்லாத மாத்திரையைக் குற்றவாளியாக்க மனசு வரவில்லை. "நான் சொன்ன சொல்லால் பட்டினி கிடந்தார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் என்னைத் திட்டித் தீர்த்தார். வேலையிலிருந்து மட்டும் தூக்கவில்லை.

இருபத்தெட்டு நாள் கழித்து, கடைசி ரத்தப் பரிசோதனைக்கு அக்கா வந்தார். கன்னம் சற்றுப் பூசினாற்போல் இருந்தது. ரத்தத்தில் கிருமி இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதை மறைக்க, சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

"இல்லம்மா, சனிக்கிழமையாச்சே. இன்னிக்கு நெசமாவே பெருமாளுக்கு ஒரு பொழுது" என்றவர், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கு இருந்தது உனுக்காக."