நோரா அன்ரியின் கயிற்றில் கடைசி ஆள்

வெட்டிய புல், சொசேஜ் சுடும் புகை, நடுவில் ஈரக் கயிற்றின் நாற்றம்... ரூஜ் என்ற எங்கள் புறநகரில், வீட்டுக்குப் பக்கத்துப் பார்க்கில் நடந்த அந்த ஐரிஷ் பிக்னிக், எனக்கு முதலில் மூக்கால்தான் ஞாபகம் வரும்.

அப்போது நான் கிரேட் சிக்ஸ். வாய் மட்டும் யூனிவர்சிட்டி.

புதுத் தெரு. அம்மாவுக்கு வேலை, வீடு, மறுபடி வேலை... மனம்விட்டுப் பேச ஒரு சிநேகிதி இல்லை. பக்கத்து வீட்டு நோரா அன்ரியோடு வேலிக்கு மேலால் ஒரு ‘ஹாய்’, அவ்வளவுதான். அவர்தான் எங்களைப் பிக்னிக்குக் கூப்பிட்டார்.

அயர்லாந்தில் அவருடைய ஊரில், புல் அறுத்து முடிந்ததும் அந்த வயலிலேயே ஊர் இரண்டாகப் பிரிந்து கயிறிழுக்குமாம். தோற்ற பக்கம் அடுத்த அறுப்பு வரை கேலியும் பகிடியும் கேட்டே சாகுமாம். இங்கேயும் அதே போட்டி. ஆனால் நோரா அன்ரியின் பெண்கள் அணியில் ஓர் ஆள் குறைவு. ஆள் கிடைக்காவிட்டால் இழுக்காமலே தோல்வி.

"எங்கட அம்மா யாழ்ப்பாணத்தில சாம்பியன்!" என்று ஆங்கிலத்தில் அளந்துவிட்டேன்.

"டேய், விசரே உனக்கு? பள்ளிக்கூடத்தில இழுத்ததோட சரி!"

அதற்குள் நோரா அன்ரி அம்மாவின் கையைப் பிடித்துவிட்டார்.

கயிற்றின் கடைசியில் அம்மா. விசில் ஊதியதும், யாழ்ப்பாணப் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிகளில் கடைசி ஆள் வழக்கமாகச் செய்வதையே செய்தார்... குதியை ஊன்றிப் பொத்தென்று புல்லில் குந்திவிட்டார்!

கயிறு அசையவில்லை. ஆனால் இந்தப் போட்டியில் கீழே குந்தினால் பவுலாம், விதிமீறலாம். மூன்று இழுவையில் முதலாவது போய்விட்டது.

அம்மாவின் முகம் சுருங்கியது. "காணும், போதும். நான் வீட்ட போறன். வேற ஆளைப் பிடிக்கட்டும்."

என்னிடம் இருந்த பகிடி எல்லாம் அந்த நிமிடம் வற்றிப்போனது. அம்மா இப்போது போனால், பிறகு அந்த ‘ஹாய்’கூட இருக்காது.

நோரா அன்ரி விழுந்து விழுந்து சிரித்தார். அத்தனை பேர் இழுத்தும் உன்னை அசைக்க முடியவில்லையே, அதையே நின்றுகொண்டு செய் என்றார். நான் மொழிபெயர்த்தேன். நல்லகாலம், அதில் ஒன்றும் கூட்டவில்லை.

அம்மா சேற்றைத் தட்டிவிட்டு நின்றார். "ஏலேலோ..." என்று தொடங்கினார். ஐரிஷ் அன்ரிமார் என்னவென்று தெரியாமலே "லோ!" என்று கத்தி இழுத்தார்கள். அடுத்த இரண்டும் எங்களுக்கே!

இப்போது பள்ளி முடிந்து வந்து "அம்மா..." என்று கூப்பிட்டால் பதில் வருவதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், நோரா அன்ரியின் குசினி அடுப்படியில் இரண்டு பேரின் சிரிப்புத்தான் கேட்கும்.

எனக்குச் சோறு லேட். பரவாயில்லை... இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும்.